கட்டடங்களுக்கும் கணக்கு வேண்டும்

மாடு வாங்கும் குடியானவன், அது கறக்கும் பாலை மட்டுமன்றித் தின்னும் தீனியையும் விசாரித்தே விலை பேசுவான். கோடிக்கணக்கில் கொடுத்துக் கட்டடம் வாங்கும் கனவான்களோ, அது வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கேட்பதேயில்லை. இந்த அலக்ஷியத்தின் நஷ்டம் தேசத்தின் தலையில் விழுகின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2007-ல் வர்த்தகக் கட்டடங்களுக்கும், 2018-ல் வீடுகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. 2022-ம் வருஷத்துத் திருத்தம், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புள்ள குடியிருப்புகளையும் சட்டத்தின் வரம்புக்குள் கொணர வழி செய்தது. ஆயினும் இவ்விதிகள் பெரும்பாலும் வரைபடத்தையே பரீக்ஷிக்கின்றன, குடிபுகுந்தபின் நடப்பதையன்று. வரைபடம் கட்டுகிறவரின் வாக்குறுதி. மின்சார மீட்டரே சாட்சி. சாட்சியை விசாரியாமல் தீர்ப்புச் சொல்லும் நியாயஸ்தலம் எங்கேனும் உண்டோ?

விசாரணை கடினமன்று. ஒரு வருஷத்தில் செலவான யூனிட்டுகளைக் கட்டடத்தின் பரப்பால் வகுத்தால் போதும். 5,000 சதுர மீட்டருள்ள ஆபீஸ் ஒன்று 7,50,000 யூனிட் செலவிடுமாயின், அதன் எண் 150.

வெயிலும் புழுக்கமும் ஊருக்கு ஊர் வேறுபடுமே என்பர் சிலர். நியாயமான ஆக்ஷேபமே. அது கருதியே மத்திய சர்க்காரின் எரிசக்தித் திறன் பணியகம், ஆபீஸ்களுக்கு நக்ஷத்திரம் வழங்குகையில் சீதோஷ்ண மண்டலத்தையும், குளிர்சாதனமுள்ள பரப்பின் விகிதத்தையும் பிரித்துப் பார்க்கின்றது. ஆனால் நக்ஷத்திரம் கோருவது உடையவரின் இஷ்டம். தேறுவோம் என்று நம்புகிறவன் மட்டும் எழுதும் பரீக்ஷையால் பயன் என்ன?

மேற்கு வெயிலுக்கு எதிரே கண்ணாடிச் சுவர் எழுப்புகிறவர் ஒருவர். அவ்வெப்பத்தை வெளியேற்ற மாதந்தோறும் பணம் கட்டும் வாடகைக்காரர் வேறொருவர். வாடகை பேசுமுன் அவ்வெண்ணை அறிய அவருக்கு உரிமையில்லையா?

ஐரோப்பிய யூனியன் 2002-ல் பிறப்பித்த கட்டளை, கட்டடத்தை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் சான்றிதழ் காட்டவேண்டும் என்றது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சர்க்கார் கட்டடங்களில் அதனை யாவரும் காண வைக்கவும் விதித்தது. அந்நாட்டுக் குளிருக்கேற்ற கணக்கு நமக்கு உதவாது. ஆனால் ஒளிவுமறைவின்மை எந்தச் சீதோஷ்ணத்துக்கும் பொருந்தும்.

நமது சர்க்கார் முதலில் தன் கட்டடங்களின் வாசலில் அவ்வெண்ணை எழுதட்டும். பின்னர் தனியாரைக் கட்டாயப்படுத்தும் யோக்யதை அதற்கு உண்டாகும். அதுவரை பொதுஜன ஊழியர்கள் வாளாவிருத்தல் தகாது. தத்தம் ஊர் முனிஸிபல் ஆபீஸிலிருந்தே இக்கேள்வியைத் தொடங்குவார்களாக.