ஒரு மாத அடைப்பு, ஓர் ஆயுளின் இழப்பு

கொடிய குற்றம் ஒன்றில் சிறுவன் சிக்கினால், "வயசைப் பார்க்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள்" என்ற குரல் உடனே எழுகிறது. சிறுவன் ஒருவனும் சிக்கிய 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்முறையைத் தொடர்ந்து எழுந்த அந்தக் குரல்தான் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் இடம்பிடித்தது. 16 வயது கடந்தவர் கொடுங்குற்றம் செய்திருந்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்றானது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், அடைத்து வைப்பதால் குற்றம் குறைகிறதா?

சிகாகோவில் இதற்கு வலுவான விடை கிடைத்தது. பொருளியல் அறிஞர்கள் அன்னா ஐஸரும் ஜோசப் டாயிலும் பத்தாண்டுக் காலத்தில் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த சுமார் 35,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது ஏறக்குறைய குலுக்கல்தான். ஒரே மாதிரிக் குற்றத்துக்குக் கண்டிப்பான நீதிபதியிடம் போன பையன் அடைக்கப்பட்டான். இளகியவரிடம் போனவன் வீடு திரும்பினான். பிற்காலத்தில் இருவரும் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட இதைவிட நல்ல வழி அமையாது.

அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. 25 வயதுக்குள் பெரியவர்களின் சிறைக்குப் போகும் வாய்ப்போ 20 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் கூடியது. இத்தனைக்கும் பெரும்பாலானோர் உள்ளே இருந்தது ஓரிரு மாதங்கள்தான். பதின்வயதில் பள்ளியை விட்டு அந்த ஓரிரு மாதங்கள் விலகியவர்களில் பலர் மறுபடி வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை.

பயம் காட்டியும் பார்த்தார்கள். நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டிய திட்டம் 1978இல் ஆவணப்படமாகி ஆஸ்கரும் வென்றது. இத்தகைய திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மிரட்டப்பட்டவர்களே பின்னர் அதிகம் குற்றம் செய்தது தெரிந்தது.

நம் ஊரின் நிலை இன்னும் வேதனையானது. ரயில்வே பேட்டரியைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன், 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் தாக்கப்பட்டு இறந்தான். ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகே இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அமைந்தது.

கொலை, பாலியல் வன்முறை போன்ற வழக்குகளில் ஊரின் பாதுகாப்புக்காகச் சிலரை அடைத்து வைக்கத்தான் வேண்டும். பேட்டரித் திருட்டுக்கு எதற்கு? அடைத்து வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதே 2015 சட்டம் சொல்கிறது. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பவும், ஆற்றுப்படுத்தவும், சமூகப் பணி செய்ய வைக்கவும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சிறு குற்றங்களில் குழுமங்கள் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கங்களைத்தான்.