வந்தவர்களும் விளையாடட்டும்!

கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்?

சாப்பாட்டுக்காக என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மொய்க்காக என்றால் கோபம் வரும். நாலு பேரைப் பார்க்கலாம், நாலு வார்த்தை பேசலாம், சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போகிறார்கள்.

ஆனால் மாலை வரவேற்பில் நடப்பது என்ன?

மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. எல்லோருடைய முகமும் மேடையைப் பார்த்தபடி இருக்கிறது. மேடையில் மணமக்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். கவரைக் கொடுக்கிறார்கள். போட்டோவுக்கு நிற்கிறார்கள். மறுபக்கம் இறங்குகிறார்கள். ஒலிபெருக்கி அலறுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்க யாரு வீடு?" என்று கேட்டால் அவர் காதில் விழாது. பிறகு பந்தி. பிறகு பஸ்.

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மூன்று மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே கலைகிறார்கள். நாளை நல்லது கெட்டதுக்கு ஓடி வர வேண்டிய உறவு இது. அந்த உறவு தொடங்கும் நாளே ஊமைப் படமாக முடியலாமா?

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலைக்கு வடக்கே இருக்கிறது திருவேங்கடம். 2019-ஆம் ஆண்டு தென்காசி மாவட்டம் பிறந்தபோது, அதன் தாலுகாக்களில் ஒன்றாகத் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வந்த ஊர். கரிசல் காடு. மழையை நம்பிய வெள்ளாமை. தீப்பெட்டி வேலையும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்யாணம் என்றால் அது பல நாள் சேமிப்பு. சில வீடுகளில் பல நாள் கடனும்கூட. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பாட்டுக் கச்சேரிக்கும் வண்ண விளக்குக்கும் போகிறது. வந்தவர்கள் சும்மா இருக்கக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்தான் செலவழிக்கிறார்கள். ஆனால் அந்தச் செலவே அவர்களைச் சும்மா உட்கார வைத்துவிடுகிறது.

காசு இல்லாமல் களிப்பூட்ட வழி இருக்கிறது. அது புதிதும் அல்ல. நம் வீட்டிலேயே இருந்ததுதான்.

<b>மணமக்களுக்கு மட்டும்தானா?</b>

தாலி கட்டி முடிந்ததும் விளையாட்டு நடப்பது தமிழ்நாட்டுப் பழக்கம். குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு மணமக்களை எடுக்கச் சொல்வார்கள். நலங்கு வைக்கிற வீடுகளில் தேங்காய் உருட்டுவார்கள். பூப்பந்து எறிவார்கள். ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைப்பார்கள். சுற்றி நிற்கிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

இது ஏன் வந்தது? ஒரு காலத்தில் மணமக்கள் இருவரும் குழந்தைகள். பெண்ணுக்கு 14 வயதும் பையனுக்கு 18 வயதும் நிரம்ப வேண்டும் என்ற சாரதா சட்டமே 1929-இல்தான் நிறைவேறியது. 1930 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 18 வயது, 21 வயது என்று உயர்ந்தது 1978-இல். அதற்கு முந்திய தலைமுறைகளில் மணவறையில் உட்கார்ந்த பெண், முந்தின நாள்வரை தெருவில் பாண்டி ஆடியவளாக இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்றே தெரியாது. அவள் பயம் தெளிய வேண்டும். அவன் கூச்சம் போக வேண்டும். அதற்கு விளையாட்டைவிட நல்ல மருந்து ஏது?

இன்று மணமக்கள் படித்தவர்கள். நிச்சயமான நாளிலிருந்து டெலிபோனில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் கூச்சம் எப்போதோ தெளிந்துவிட்டது. கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தையும், திருவேங்கடத்துப் பெண்ணின் பெரியம்மாவும்தான் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள். ஆகவே விளையாட்டு மேடையிலிருந்து கீழே இறங்க வேண்டும். மணமக்கள் வேடிக்கை பார்க்கட்டும். வந்தவர்கள் விளையாடட்டும்.

<b>70 புளியங்கொட்டை</b>

முதல் இடம் பல்லாங்குழிக்கு. இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இதன் உறவு விளையாட்டை 'ஓவாரே' என்று ஆடுகிறார்கள். மலேசியாவில் 'சோங்காக்'. இலங்கையில் சிங்களவர்கள் சித்திரைப் புத்தாண்டில் 'ஒலிந்த கெளிய' ஆடுகிறார்கள். பாதி உலகம் ஆடும் ஆட்டம்.

ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு எதிராளியின் முறை. நடுவில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம்.

பலகை இல்லையா? தரையில் சாக்கட்டியால் 14 வட்டம் போட்டால் போதும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு ஒரு மேஜையில் போடலாம்.

ஒரு பக்கம் பெண் வீட்டு ஆள். மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டு ஆள். இது ஒன்றுதான் நிபந்தனை. ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் சண்டை வரும். "எங்க ஊருல குழிக்கு ஆறு போடுவோம், மதினி!" என்பார் ஒருவர். "இது எங்க ஊரு மதினி, இங்க அஞ்சுதான்" என்பார் மற்றவர். முறையும் ஊருக்கு ஊர் மாறும். அந்த வழக்கைத் தீர்க்க இரண்டு பக்கத்துக் கிழவிகளும் கூடுவார்கள். அரை மணி நேரம் முன்பு வாய் திறவாமல் இருந்தவர்கள், இப்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தடுப்பார்கள். வேண்டியது இதுதானே!

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். கணவனை இழந்த பெண்களைக் கல்யாணச் சடங்குகளில் முன்னுக்கு விடாத வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கஷ்டப்பட்டுக் கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்த தாய், அந்த மகளின் கல்யாணத்தன்று தூண் மறைவில் நிற்கிறாள். நலங்கு வைக்கக் கூப்பிட மாட்டார்கள். ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். இந்த வழக்கம் ஒழிய வேண்டியதே. ஒழியும் நாள்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பல்லாங்குழிக்குச் சாஸ்திரம் கிடையாது. "சம்பந்தியம்மா, நம்ம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுவோம், வாங்க" என்று மாப்பிள்ளையின் தாய் எழுந்து போய்க் கூப்பிடட்டும். சபையின் நடுவில், எல்லோர் கண்ணும் பார்க்க, அந்த அம்மாள் உட்காருவாள். யாரும் தடை சொல்ல முடியாது. விளையாட்டுத்தானே!

<b>நாற்பது வருஷத்துத் தம்பதிகள்</b>

குடத்தில் மோதிரம் எடுப்பதைப் பழைய தம்பதிகளுக்கு வைத்தால் மண்டபமே அதிரும். இரு வீட்டிலும் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆன தம்பதிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தாத்தா கையை விடுவார். ஆச்சி அவர் விரலை நெரிப்பாள். "நாப்பது வருஷமா விட்டுக்குடுத்தேன், இன்னைக்கு விடமாட்டேன்" என்று யாராவது ஓர் ஆச்சி கட்டாயம் சொல்வாள். மணமக்களுக்கு அதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

குடத்தின் வாய் அகலமாக இருப்பது நல்லது. குறுகிய வாய்க் குடத்தில் இரண்டு கை நுழைந்து மாட்டிக்கொண்டால் சிரிப்பு அழுகையாகிவிடும்.

ஆண்களுக்கு ஒரு போட்டி: பூக் கட்டுதல். சங்கரன்கோவில் பூ மார்க்கெட் பக்கத்தில்தான் இருக்கிறது. பிச்சியும் மல்லிகையும் உதிரியாக வாங்கி, ஆளுக்கு ஒரு கை பூவும் கொஞ்சம் நாரும் கொடுத்து, அரை முழம் கட்டச் சொல்ல வேண்டும். மீசை முறுக்குகிற மாமாக்கள் நாரோடு படும் பாட்டைப் பெண்கள் பார்க்க வேண்டும். கட்டிய பூவை அவரவர் மனைவியின் தலையில் வைக்க வேண்டும் என்பது விதி. அவிழ்ந்து விழுந்தால் தோல்வி.

சிறுவர் சிறுமியருக்கு உறவுமுறைப் போட்டி வைக்கலாம். எதிர்வீட்டாரில் ஐந்து பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் என்ன, ஊர் எது, மணமக்களுக்கு என்ன உறவு, தனக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம். தெரியாதவர்கள் மனப்பாடமாகச் சொல்லலாம். அத்தான் யார், சகலை யார், நாத்தனார் யார், கொழுந்தன் யார் என்று பெரியவர்களே தடுமாறும் காலம் இது. பிள்ளைகள் கேட்கப் போனால் பெரியவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் விடுகதை போடலாம். ஊர்ப் பொருளை வைத்துப் புதிதாகக் கட்டினால் இன்னும் சுவை. "கறுத்த மண்ணில் பிறப்பாள், வாய் திறந்தால் வெள்ளைச் சிரிப்பு, அவள் இல்லாமல் மாப்பிள்ளைக்கு வேட்டி இல்லை. அவள் யார்?" கரிசல் காட்டில் பருத்தியைத் தெரியாதவர் உண்டா?

கரிசல் சீமைக்கென்றே உரிய ஒன்றும் இருக்கிறது. ராஜகம்பளத்தார் கல்யாணங்களில் தேவராட்டம் ஆடுவார்கள். தேவதுந்துபி முழங்கும். பாட்டுக் கிடையாது. கையில் கைக்குட்டை பிடித்து, அடவு மாற்றி மாற்றி ஆடுவார்கள். கூலிக்கு வந்தவர்கள் அல்ல. வீட்டு ஆண்களே ஆடுவது. கல்யாண வீட்டுக்காரரே ஆடுகிற சந்தோஷம், வாடகைக்கு எடுத்த சந்தோஷத்துக்கு வராது.

<b>சத்தமும் சேஷ்டையும்</b>

பாட்டே கூடாது என்பது இதன் பொருள் அல்ல. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) நாதஸ்வரம் வாசித்த சீமை இது. நல்ல வாசிப்பைக் கேட்டுப் பேச்சு தானாக நின்றால் அது மரியாதை. ஒலிபெருக்கிக்குப் பயந்து பேச்சு நின்றால் அது தண்டனை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். கல்யாண வீட்டில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. தொட்டிலில் தூங்கும் குழந்தை மட்டும் அழுது காட்டுகிறது.

நண்பர்கள் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. மணமகளைச் சங்கடப்படுத்துவது விளையாட்டு ஆகாது. முகத்தில் நுரை அடிப்பது, பலர் முன்னால் பால் புட்டியைப் பரிசு கொடுப்பது எல்லாம் யாருக்குச் சந்தோஷம்? சீனாவில் மணமக்களைச் சீண்டி வேடிக்கை செய்யும் பழைய வழக்கம் உண்டு. அது எல்லை மீறிப்போய், இத்தகைய ஆபாசக் கேலிகளை 2018-இல் அந்நாட்டு அமைச்சகமே கண்டிக்க நேர்ந்தது. வடநாட்டில் மாப்பிள்ளையின் செருப்பை மைத்துனிகள் ஒளித்து வைத்துப் பணம் கேட்பார்கள். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படம் அதை ஊரெல்லாம் பரப்பியது. அது நல்ல வேடிக்கைதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கக்கூடிய தொகையோடு நிற்க வேண்டும். ஜெர்மனியில் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தினர் பீங்கான் பாத்திரங்களை உடைப்பார்கள். மணமக்கள் இருவரும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். நம்மூர்த் தாய்மார்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்!

விளையாட வராதவரைக் கையைப் பிடித்து இழுப்பதும் தவறு. பார்த்துச் சிரிக்கவும் ஆள் வேண்டுமே.

நடத்துவதற்கு இரண்டு பேர் போதும். பெண்ணின் தாய்மாமன் ஒருவர், மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் என்று இரு பக்கமும் பொறுப்பு ஏற்க வேண்டும். முன்கூட்டியே மண்டபத்தின் ஒரு பாதியில் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிவிட வேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்தால் வெளியூர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் தவறாது. பரிசுக்கு வெள்ளிக் கோப்பை வேண்டாம். கோவில்பட்டி கடலை மிட்டாய் பக்கத்திலேயே கிடைக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பத்துப் பாக்கெட் வாங்கி வைக்கலாம். ஜெயித்தவர் கையில் கொடுத்து, தோற்றவருக்குப் பாதி உடைத்துத் தரச் சொல்ல வேண்டும். புளியங்கொட்டையை மட்டும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்கிவிடுவது நல்லது. கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.