காதில் இரைச்சலா? கழுத்தையும் காட்டுங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதம் இம்மாத மருத்துவப் பகுதிக்குப் பொருளாகிறது. அவருடைய கணவர் தையற்கடை வைத்திருப்பவர்; வயது 46. எட்டு மாதங்களாக இடது காதில் சில்வண்டு கத்துவது போன்ற ஓயாத ஓசை. பகலில் மிஷின் சத்தத்தில் மறந்திருக்கிறார். இஷாவுக்குப் பின் வீடு அடங்கியதும் தாங்க முடியவில்லை. "தொழுகையில் ஸலாம் கொடுக்க வலப்புறம் திரும்பும்போது ஓசை உயர்கிறதாம்; இடப்புறம் திரும்பினால் குறைகிறதாம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்று வருந்தி எழுதியிருக்கிறார். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றியாயிற்று. சலூனில் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுத்தும் ஆயிற்று. மாமியார் ஓதிப் பார்க்கச் சொல்கிறாராம்.

சகோதரியே, ஓதிப் பார்ப்பதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் உங்கள் கணவர் கூறிய அந்த ஸலாம் விஷயம் சிரிப்பதற்குரியதன்று. காது நோயை ஆராயும் மருத்துவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தியே அதுதான்.

செவி நரம்பு மூளைத்தண்டில் போய்ச் சேரும் முதல் நிலையத்திற்குக் கழுத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வரும் நரம்பிழைகளும் வந்து சேர்கின்றன. தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால்தானே ஓசை எங்கிருந்து வருகிறது என்று மூளை கணிக்க முடியும்! நாம் மெல்லும் சத்தமே நம் காதை அடைக்காதிருப்பதற்கும் இந்த ஏற்பாடு உதவுகிறது என்பர். கழுத்துத் தசைகள் நாட்கணக்கில் இறுகிக் கிடந்தாலோ, காதிலிருந்து வரும் செய்தி குறைந்தாலோ இந்த நிலையம் நிலைகுலைகிறது. இல்லாத ஓசையை மூளை கேட்கத் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் இராபர்ட் லெவின் 1999-இல் இக்கருத்தை விரிவாக எழுதினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் என்ற அம்மையார் இதே நிலையத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளார்.

இன்னொன்றும் கவனியுங்கள். தலையை வலப்புறம் திருப்பும் பெரிய தசை கழுத்தின் இடப்பக்கத்தில் உள்ளது. இடது காதின் பின்புறத்து எலும்பிலிருந்து மார்பெலும்பு வரை இறங்குகிறது. வலப்புறம் ஸலாம் கொடுக்கும்போது உழைப்பது இடது காதடியில் உள்ள தசையே. நாள் முழுவதும் குனிந்து காஜா எடுப்பவரின் கழுத்தில் இத்தசை எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மரச்சிற்பக் கலைஞர்களும் இவ்வாறு குனிந்தே உளி பிடிக்கிறார்கள். அவர்களுடைய வேலைப்பாட்டுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கழுத்து வலிக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. கல்வராயன் மலையில் விறகையும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையையும் தலைச்சுமையாய் இறக்குகிறவர்களின் கழுத்தும் இளைப்பாறுவதில்லை.

ஆயினும் அவசரப்பட்டு "கழுத்துதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தலையையோ தாடையையோ அசைத்தால் ஓசை சற்றேனும் மாறுகிறது. அவர்கள் எல்லோருக்கும் நோயின் வேர் கழுத்தில் இல்லை. கழுத்துவலியும் இரைச்சலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கினவா, ஒன்று மிகும்போது மற்றதும் மிகுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2018-இல் வெளியிட்ட அளவுகோல்களிலும் இதற்கு இடமுண்டு.

இடப்புறம் திரும்பினால் குறைகிறது என்பதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. இரவில் கணவர் தம் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஓசையைக் கவனிக்கட்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து "உஸ், உஸ்" என்று வந்தால் அது கழுத்துத் தசை விவகாரமன்று. இரத்தக் குழாயின் ஓசை. கழுத்தின் பெருஞ்சிரையில் எழும் இரைச்சல் அப்பக்கமே தலையைத் திருப்பினால் அடங்குவதுண்டு. அதற்கு வேறு பரிசோதனைகள் தேவை. சில்வண்டு போல் ஒரே சீராக ஒலித்தால் அச்சம் குறைவு.

முன்பெல்லாம் இத்தகைய நோய்க்கு முண்டியம்பாக்கத்திற்கோ, சேலத்திற்கோ, புதுவை ஜிப்மருக்கோ போக வேண்டியிருந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துள்ளது. அங்குள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதலில் காதினுள் பார்ப்பார்கள். எண்ணெயோடு ஊறிய குறும்பி அடைத்துக்கொண்டிருந்தாலே பாதி இரைச்சல் அதனால் இருக்கலாம். பிறகு ஆடியோகிராம் என்னும் கேட்புத்திறன் சோதனை அவசியம். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேள்விக் குறைவும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், தயங்க வேண்டாம். அதன்பின் கழுத்துச் சோதனை: மருத்துவர் நெற்றியிலும் கன்னத்திலும் கை வைத்து எதிர்க்க, நோயாளி தலையை ஒவ்வொரு பக்கமும் தள்ள வேண்டும், பல்லைக் கடிக்க வேண்டும், தாடையை முன்னே நீட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓசை ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறிப்பார்கள். இதைச் செய்யாமல் விட்டால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், தவறில்லை.

கழுத்து எக்ஸ்ரேயில் "எலும்பு தேய்மானம்" என்று எழுதியிருந்தால் கலங்காதீர்கள். நாற்பதைக் கடந்தவர்களில் பலருக்கு அது இருக்கும். அவர்களுக்கு இரைச்சல் இல்லை.

சிகிச்சை மாத்திரையில் இல்லை. சத்து மாத்திரைகளும் கின்கோ மருந்தும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டியே கூறுகிறது. பயன் தரக்கூடியது இயன்முறை மருத்துவம்: இறுகிய தசை முடிச்சுகளைத் தளர்த்துதல், கழுத்தின் உள்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. பெல்ஜியம் நாட்டில் ஆறு வாரம் இவ்விதம் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர்க்கு நல்ல பலன் கிடைத்தது. மேலும் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய கால் பங்கினர்க்கே அது நிலைத்திருந்தது. இது 2016-இல் வெளியான செய்தி. உள்ளதைச் சொல்வதே முறை என்பதால் சொல்கிறேன். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவராயின் பல் மருத்துவரையும் காணவேண்டும். கேள்வித்திறன் குறைந்திருந்தால் செவிக்கருவியே இரைச்சலைத் தணிக்கும். இரவில் மின்விசிறி ஓசை துணையிருக்கட்டும். முழு நிசப்தம் இந்நோய்க்கு ஆகாது.

சலூன் சொடுக்கு இனி வேண்டவே வேண்டாம். திடீர்த் திருகலில் மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சூடான எண்ணெயும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிவிடும். ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால், முகம் கோணினால், நடை தள்ளாடினால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். திடீர்ச் செவிட்டுக்கு மருந்து முதல் சில நாட்களில்தான் நன்கு வேலை செய்யும்.

தொழுகையை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசியமில்லை, ஸலாமின்போது மெதுவாகத் திரும்பினால் போதும். கடையில் காஜாவும் எம்மிங்கும் செய்யும்போது மடியில் ஒரு கெட்டித் தலையணை வைத்து, துணியைக் கண்ணுக்கு அருகே உயர்த்திக்கொள்ளட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று தோள்களைப் பின்னுக்குச் சுழற்றட்டும். மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு வாரம், ஓசை எப்போது ஏறியது, அப்போது கழுத்து வலித்ததா என்று அளவெடுக்கும் நோட்டிலேயே எழுதி வரச் சொல்லுங்கள்.