படத்துக்குள் வராத பேய் இசை!

டி. கல்லுப்பட்டி பக்கம் சாமி கும்பிடு என்றால் உறுமி இல்லாமல் முடியாது. வளைந்த குச்சியைத் தோலின்மேல் வைத்துத் தேய்க்கும்போது 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல் எழுமே, மேளம் தெருமுனைக்கு வரும்போதே அது அடிவயிற்றில் கேட்கும். சாமியாடிக்கு அருள் வருவதும், இடுப்பில் இருக்கும் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வதும் அந்தச் சத்தத்தில்தான். அடிக்கிற சத்தத்துக்கு ஆடத் தோன்றும். தேய்க்கிற சத்தத்துக்கு உடம்பு சிலிர்க்கும்.

பேய்ப்படம் எடுப்பவர்களுக்கும் இது தெரியும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் பேய்ப்படம் பார்க்கிற பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பயம் தாங்க முடியாதபோது கண்ணை மூடிப் பிரயோஜனமில்லை. காதில் இருக்கும் ஹெட்போனைத்தான் கழற்ற வேண்டும்.

அப்படிப் பயமுறுத்துவதற்காகவே ஒரு படத்துக்கு இசையமைத்து, அதில் பெரும்பகுதியைப் படத்தில் கேட்க முடியாமல் போன இரண்டு பெண்களின் கதை இது.

எந்திரத்தில் பாக் வாசித்தவர்

வெண்டி கார்லோஸ், 1939-ல் அமெரிக்காவில் பிறந்தவர். இசையோடு இயற்பியலும் படித்தவர். 1968-ல் இவர் வெளியிட்ட 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' என்ற இசைத்தட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெர்மானிய இசை மேதை பாக்கின் படைப்புகளை, ஒரு வயலின்கூட இல்லாமல், மூக் சின்தசைசர் என்ற எலெக்ட்ரானிக் கருவியில் மட்டுமே வாசித்திருந்தார்.

இன்று ஒரு சின்ன கீபோர்டில் பத்து விரலையும் வைத்தால் பத்து ஸ்வரமும் கேட்கும். அன்றைய மூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஒவ்வொரு வரிசையாக வாசித்து, டேப்பில் பதிவு செய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நடுவில் கருவியின் சுருதி வேறு விலகிப்போகும். சுருதியைச் சரிசெய்து மறுபடி வாசிக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன.

அவருடன் தோள்கொடுத்து நின்றவர் ரேச்சல் எல்கைண்ட். தயாரிப்பாளர், பாடகி. இருவரும் சேர்ந்து 1971-ல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' படத்துக்கு எலெக்ட்ரானிக் இசை தந்தார்கள். படம் பேசப்பட்டது. இசையும் பேசப்பட்டது.

பின்னர் குப்ரிக் ஒரு பேய்க்கதையைக் கையில் எடுத்தபோது மறுபடி இவர்களையே அழைத்தார். ஸ்டீபன் கிங் 1977-ல் எழுதிய 'தி ஷைனிங்' நாவல்தான் அந்தக் கதை. பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் மலை ஹோட்டலுக்குக் காவல் இருக்க வருகிறது ஒரு குடும்பம். அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிறது. அம்மாவும் சின்னப் பையனும் தப்பிக்க வழியில்லை.

தற்காலிகம் நிரந்தரமானது

படம் முழுதாகத் தயாராகும்வரை கார்லோஸும் எல்கைண்டும் காத்திருக்கவில்லை. நாவலைப் படித்து, அது மனதில் எழுப்பிய பயத்தை வைத்தே வேலையைத் தொடங்கினார்கள். சின்தசைசர் இசை, எல்கைண்டின் குரல், ஆர்க்கெஸ்ட்ரா என்று பலவிதமாக நிறையப் பதிவு செய்தார்கள்.

1980 மே மாதம் படம் வெளியானது. தொடக்கத்தில் மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார் எறும்புபோல ஊர்ந்து போகும். மேலிருந்து கேமரா அதைத் துரத்தும். அப்போது ஒலிக்கும் கனத்த எலெக்ட்ரானிக் இசை இவர்களுடையது. இறந்தவர்களுக்கான பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் பாடலான 'தியெஸ் இரே'யின் மெட்டை எடுத்து, சின்தசைசரில் இழுத்து வாசித்து, எல்கைண்டின் குரலை அதன்மேல் படரவிட்டிருந்தார்கள். அதன்பிறகு அந்தக் குடும்பம் காரில் போகும் காட்சியில் இன்னொரு துண்டு. இவர்கள் இசை என்று படத்தில் சொல்லும்படி நின்றவை இவ்வளவுதான்.

மற்ற இடங்களில் போலந்தின் பென்டரெட்ஸ்கி, லிகெட்டி, ஹங்கேரியின் பார்டோக் ஆகியோர் கச்சேரி மேடைக்காக எப்போதோ எழுதிய இசை. பார்டோக்கின் படைப்பு 1936-ல் எழுதப்பட்டது. அதாவது, படம் வருவதற்கு 44 வருடங்களுக்கு முன்பு!

இது எப்படி நடக்கிறது? படத்தொகுப்பு நடக்கும்போது காட்சி வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பது சினிமா வழக்கம். இயக்குநர் அதே காட்சியை அதே இசையோடு நூறு முறை பார்க்கிறார். பிறகு புது இசை வரும்போது, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்நியமாகத் தெரிகிறது. வாடகை வீட்டுக்குப் பழகியவருக்குச் சொந்த வீட்டில் முதல் நாள் தூக்கம் வராதது மாதிரி.

குப்ரிக்குக்கு இது புதிதும் அல்ல. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை 1968-ல் இதேபோல ஒதுக்கியிருந்தார். தன் இசை படத்தில் இல்லை என்பது முதல் காட்சியைப் பார்த்தபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது.

கம்பியிலும் உறுமி

குப்ரிக் எடுத்த முடிவு தவறா? படத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பென்டரெட்ஸ்கி 1961-ல் எழுதிய 'பாலிமார்ஃபியா' 48 நரம்புக் கருவிகளுக்கானது. அதில் வயலினை ஒழுங்காக வாசிக்க விடமாட்டார். வில்லை எங்கே வைக்கக் கூடாதோ அங்கே வைத்துத் தேய்க்கச் சொல்வார். உள்ளங்கையால் கம்பியைத் தட்டச் சொல்வார். உறுமிக்காரர் குச்சியால் செய்யும் வேலையை இவர் வில்லால் செய்யவைத்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பென்டரெட்ஸ்கி இளம் வயதில் போலந்து வானொலியின் எலெக்ட்ரானிக் இசைக்கூடத்தில் வேலை செய்தவர். எந்திரத்தில் கேட்ட சத்தங்களின் சாயல் அவருடைய வயலின்களில் இருந்தது. எலெக்ட்ரானிக் இசை வாசல் வழியாக வெளியே போய், வயலின் வேஷத்தில் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

பேய்ப்பட உலகில் இப்படி நடந்தது ஒரு முறை மட்டும் அல்ல. 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு 'மிஷன் இம்பாசிபிள்' புகழ் லாலோ ஷிஃப்ரின் எழுதிய இசையை இயக்குநர் வில்லியம் ஃபிரெட்கின் ஒதுக்கினார். அந்த இடத்தில் வந்தது, மைக் ஓல்ட்ஃபீல்டு 19 வயதில் பதிவு செய்த 'டியூபுலர் பெல்ஸ்'. அது பேய்க்காக எழுதப்பட்டதே இல்லை. இன்று அதைக் கேட்டாலே பேய் ஞாபகம்தான் வருகிறது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1960-ல் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். பெர்னார்டு ஹெர்மன் சொன்னதைக் கேட்காமல் எழுதி வந்து போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். தமிழில் கௌதம் மேனன் 2011-ல் எடுத்த 'நடுநிசி நாய்கள்' படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆக, எது பயமுறுத்தும் என்பது காட்சியோடு சேர்த்துப் பார்க்கும்வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

டேப் காத்திருந்தது

படத்துக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது இயக்குநரின் உரிமை. குப்ரிக் தன் காட்சிகளையே விட்டுவைக்காதவர். 'தி ஷைனிங்' ரிலீஸ் ஆன பிறகுகூட, கடைசியில் இருந்த மருத்துவமனைக் காட்சியை வெட்டி எடுத்தார். ஆனால், வேண்டாம் என்பதை நேரில் சொல்வது உழைத்தவருக்குச் செய்யும் மரியாதை. அது கிடைக்காதவர் நார்த். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து, தன் இசை இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்த ஒரு மனிதரை நினைத்துப் பார்த்தால் போதும்.

நார்த் 1991-ல் காலமானார். அவருடைய அந்த இசையை 1993-ல் அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். கேட்க நார்த் இல்லை.

கார்லோஸ் விஷயத்தில் முடிவு அவ்வளவு சோகம் இல்லை. 25 வருடங்களுக்குப் பிறகு, 2005-ல் 'ரீடிஸ்கவரிங் லாஸ்ட் ஸ்கோர்ஸ்' என்ற பெயரில் இரண்டு தொகுப்புகளாக, படங்களில் இடம்பெறாத தன் இசையை அவரே வெளியிட்டார். 'தி ஷைனிங்' படத்துக்காகச் செய்தவையும் அதில் இருந்தன. டேப்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இன்று ஒரு லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் டி. கல்லுப்பட்டியில் உட்கார்ந்துகொண்டே ஒரு குறும்படத்துக்குப் பேய் இசை போட்டுவிடலாம். போடுகிற தம்பி, தங்கைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "நல்லாருக்கு, ஆனா செட் ஆகலை ப்ரோ" என்ற வாட்ஸ்அப் மெசேஜும் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் செய்ய வேண்டியது மூன்று விஷயங்கள். இசை படத்தில் வராவிட்டாலும் உழைப்புக்குக் காசு உண்டா, அந்த இசை யாருக்குச் சொந்தம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது. இயக்குநர் ஒட்டி வைத்திருக்கும் தற்காலிக இசையை முதல் நாளே கேட்டுப் பார்ப்பது. மூன்றாவது, ஒதுக்கப்பட்ட ஃபைலைக் கோபத்தில் அழிக்காமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவது.