நிறம் ஒன்று, திரை பல



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, முன்னர் என்னிடம் ஓதிய ஒரு பிள்ளை தன் உம்மாவுடன் காத்திருந்தாள். ஹட்டன் நகரை அடுத்து வசிப்பவள். வீட்டிலிருந்தபடியே சால்வைகளுக்குப் பூவேலை செய்து விற்பவள். அதற்கென ஒரு சிறிய இணையப் பக்கமும் வைத்திருக்கிறாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஹஸரத், நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்கிறார்கள்" என்றாள்.

விஷயம் இதுதான். அவளுடைய பக்கத்தின் பின்னணி வெண்ணெய் நிறம். சால்வைகளை வெள்ளை விரிப்பில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். வெண்ணெய் நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரங்கள் அழகாக இல்லையே என்று, விரிப்பும் வெண்ணெய் நிறமாகத் தெரியும்வரை படங்களுக்கு மஞ்சள் கூட்டியிருக்கிறாள். அவளுடைய பழைய மடிக்கணனியில் படமும் பக்கமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஓர் இரவு முழுக்க இருந்து செய்த வேலை.

மறுநாள் வெளிநாட்டிலுள்ள அவளது நானா தன் கைபேசியில் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, ஒவ்வொரு படமும் ஒட்டுப் போட்ட துணி மாதிரி நிற்கிறதே" என்றாராம். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். அடுத்து வந்ததுதான் மனதைச் சுட்டது. கொழும்பிலிருந்து ஒரு சகோதரி செங்கல் நிறச் சால்வை என நினைத்து வாங்கினார். பொதியைப் பிரித்தால் உள்ளே இருந்தது கருஞ்சிவப்பில் ஊதா கலந்த சால்வை. "படத்தில் ஒன்று, பொதியில் ஒன்றா?" என்று கேட்டுவிட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. கணனி வேலை செய்யும் இன்னொரு மாணவரை அழைத்து மூவருமாக உட்கார்ந்தோம். அன்று நான் கற்றதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். இன்று எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தே இப்படி விற்கிறார்கள் அல்லவா?

கணனிக்கு நிறம் என்பது வெறும் எண். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. மூன்றையும் கலந்தால் 1 கோடி 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் வரும். எண் ஒன்றாக இருந்தாலும் அதை ஒளியாக்கிக் காட்டுவது திரை. ஒரு திரை புதிது, ஒன்று பழையது. ஒன்றில் நீலம் தூக்கல், ஒன்றில் மஞ்சள்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1990களின் நடுப்பகுதியில் பல கணனிகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களையே காட்டின. ஆகவே எங்கும் சிதறாமல் தெரியக்கூடிய 216 நிறங்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றையே இணையப் பக்கங்களுக்குப் பாவித்தார்கள். 1996 இல் ஹியூலட் பக்கார்ட், மைக்ரோசொஃப்ட் ஆகிய நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜீ.பி. என்ற பொது அளவை முன்வைத்தன. 1999 இல் அது சர்வதேசத் தரமாயிற்று. அப்படியிருந்தும் ஆப்பிள் கணனிகள் 2009 வரை வேறோர் அளவைக் கைக்கொண்டதால், ஒரே படம் அவற்றில் சற்று வெளிறியே தெரிந்தது.

சரி, படமும் பக்கமும் ஒரே திரையில்தானே இருக்கின்றன, அவை ஏன் வேறுபட வேண்டும்? மூன்று காரணங்கள். முதலாவது, கண்ணால் பொருத்தியது எண்ணளவில் பொருந்தியிருக்காது. விரிப்பில் மெல்லிய நிழல்கள் இருக்கும். மங்கிய திரை அவற்றை மறைக்கும், நல்ல திரை காட்டிக் கொடுக்கும். இரண்டாவது, சில படங்கள் தம் நிறத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பைத் தம்முடனேயே சுமந்து செல்கின்றன. ஒரு கருவி அதை மதிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. மூன்றாவது, ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது நிறம் சிறிது பிசகுவதுண்டு.

நம் மலைநாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தேயிலையை ருசி பார்ப்பவர்கள் சாயத்தின் நிறத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? சன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில், ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து. 1980 இல் வந்த சர்வதேசத் தரமும் 100 மில்லி லீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று அளந்து சொல்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பிறகே அவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இணையத்தில் விற்பவளால் வாங்குவோர் எல்லோருக்கும் ஒரே திரையைக் கொடுக்க முடியுமா?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பின்னணியைப் பொருத்த முயலவே வேண்டாம். சால்வையைச் சுற்றியுள்ள விரிப்பை வெட்டியெடுத்து, அந்த இடத்தைக் கண்ணாடி போல வெறுமையாக விட்டுவிடலாம். 1996 இல் அறிமுகமான பீ.என்.ஜீ. வகைப் படத்தில் இது முடியும். பக்கத்தின் நிறம் எதுவானாலும், எந்தத் திரையானாலும், அதுவே படத்தின் பின்னணியாகிவிடும். இரவில் பக்கத்தைக் கறுப்பாக்கிப் பார்ப்பவர்களுக்கும் வெள்ளைச் சதுரம் தெரியாது. வெட்டத் தெரியாதவர்கள் விரிப்பை வெள்ளையாகவே விட்டு, படத்தைச் சுற்றி மெல்லிய கோடு போடலாம். அப்போது வேறுபாடு குறையாகத் தெரியாது, சட்டமிட்ட படமாகத் தெரியும்.

பிள்ளையின் உண்மையான தவறு வேறோர் இடத்தில் இருந்தது. விரிப்பை வெண்ணெய் நிறமாக்க அவள் கூட்டிய மஞ்சள், விரிப்போடு நிற்கவில்லை. சால்வையிலும் ஏறிவிட்டது. ஊதா கலந்த கருஞ்சிவப்பு செங்கல் நிறமானது அப்படித்தான். சுற்றுப்புறத்தை அழகாக்கப் போய்ப் பொருளின் தோற்றத்தையே மாற்றிவிட்டாள்.

துணிக்கடையில் நம் பெண்கள் புடைவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்ப்பதில்லையா? விளக்கொளியை நம்பக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். விழும் ஒளிக்கேற்பப் பொருள்களின் நிறம் வேறுபட்டுத் தெரிவதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்திருக்கிறார். கண்ணால் காணாத பொருளை விற்பது பற்றி நமது இமாம்களும் நுணுக்கமாகப் பேசியுள்ளார்கள். ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஹனபி மத்ஹபோ, பொருளை நேரில் கண்ட பின் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வாங்குபவருக்கு வழங்குகிறது. இரண்டின் நோக்கமும் ஒன்றுதான்: வாங்குபவர் ஏமாறக்கூடாது.

"ஹஸரத், அப்படியானால் நான் பொய் சொன்னேனா?" என்று கேட்டாள்.

"இல்லை மகள். ஆனால் தெரிந்துகொண்ட பிறகும் அப்படியே விட்டால் அது பொய்யாகிவிடும்" என்றேன்.

அன்றிரவே கொழும்புச் சகோதரிக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பி அனுப்பினாள். தபால் செலவும் அவளுடையதே. படங்களை எல்லாம் பகல் வெளிச்சத்தில் மீண்டும் எடுத்தாள். இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் நிறத்தைச் சொல்லாலும் எழுதுகிறாள்: "பழுத்த நாவற்பழ நிறம். திரைக்குத் திரை சிறிது மாறலாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்." பக்கத்தில் போடுமுன் உம்மாவின் கைபேசியிலும் அடுத்த வீட்டு ராத்தாவின் கைபேசியிலும் பார்த்துக்கொள்கிறாள்.

சகோதரிகளே, நம் திரையில் சரியாகத் தெரிவதால் மட்டும் ஒரு படம் சரியாகிவிடாது. அடுத்தவரின் திரையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.