விடை மூன்றாம் நாள் வந்தால் போதுமா?

வயிற்றுப்போக்குடன் குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஆண்டிபயாடிக் எழுதித் தரமாட்டீர்களா, டாக்டர்?" என்பதே. குழந்தைகளுக்கு நீராகப் போகும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு அம்மருந்து பயன்படாது. ஆனால், மலத்தில் இரத்தம் கலந்துவரச் செய்யும் ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவுக்கு அதுவே தேவை.

எந்தக் கிருமி என்று காட்டும் மலக் கல்ச்சர் பரிசோதனைக்கு ஆய்வகமும், இரண்டு மூன்று நாள்களும் வேண்டும். அதுவரை மருத்துவர் ஊகித்தே மருந்தெழுத நேர்கிறது. ஊகம் தவறினால் நோயும் தீராது. கிருமிகளோ மருந்துக்கு அடங்காதவையாக மாறும்.

காலராவைச் சில நிமிடங்களில் சுட்டும் பட்டைச் சோதனை இன்று உண்டு. நோய்ப் பரவலை விரைந்தறிய அது உதவுகிறது. அதுபோன்ற எளிய, மலிவான, நம்பத்தக்க சோதனை ஷிகெல்லாவுக்கும் வேண்டும். அது ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துசேர வேண்டும். பெருநகர ஆய்வகத்தின் விலையுயர்ந்த கருவியால் கிராமத்துக் குழந்தைக்கு என்ன பயன்?

அந்நாள் வரும்வரை, ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே தொடங்குங்கள். துத்தநாக மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம், குழிந்த கண்கள், குறைந்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாது வாருங்கள். பழைய மருந்துச்சீட்டைக் காட்டி ஆண்டிபயாடிக் வாங்காதீர்கள்.