திரையில் தெரிவதெல்லாம் நிஜமா?

வீட்டில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கினால் குழந்தைகள் முதலில் கேட்பது கேம்ஸ்; அடுத்தது கார்ட்டூன் படம். என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். சென்ற மாதம் அக்காவின் ஏழு வயது மகளுடன் உட்கார்ந்து, 2019ல் வெளியான "தி லயன் கிங்" படத்தைத் தமிழில் பார்த்தேன். நடுவில், "கார்ட்டூன் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இது கார்ட்டூன் இல்ல மாமா. நிஜச் சிங்கம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. சாப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கே சில காட்சிகளில் சந்தேகம் வந்தது. இந்தப் படத்தில் கேமராவால் எடுக்கப்பட்ட ஒரே காட்சி, தொடக்கத்தில் வரும் சூரிய உதயம்தான் என்று இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ கூறியிருக்கிறார். மற்ற அனைத்தும் கம்ப்யூட்டரில் உருவானவை.

1994ல் இதே கதையை டிஸ்னி நிறுவனம் கையால் வரைந்த படமாக வெளியிட்டது. அதிலும் கம்ப்யூட்டருக்கு வேலை இருந்தது. வில்டபீஸ்ட் என்னும் விலங்குகள் கூட்டமாகப் பாய்ந்து வரும் காட்சிக்கு, அவை ஒன்றோடொன்று மோதாமல் ஓடுவதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஆனாலும் பார்த்தவர்களுக்கு அது கார்ட்டூன் என்று தெரிந்தது. 25 ஆண்டுகளில் தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது. கழுதைப்புலி மட்டும் அன்றும் வில்லனின் அடியாள், 2019லும் அடியாள்தான்.

உண்மை என்ன? ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி, தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. 1960களில் தான்சானியாவில் இவற்றை ஆராய்ந்த ஹான்ஸ் க்ரூக், கழுதைப்புலிகள் கொன்ற இரையைச் சிங்கங்கள் வந்து பறித்துக்கொள்வதைப் பதிவு செய்தார். படத்தில் ராஜாவாக வருபவர், காட்டில் பல நேரம் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைப்பவர்!

"கதைதானே, விடுங்கள்" என்று சிலர் சொல்லலாம். விட முடியாததற்குக் காரணம் உண்டு. நம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இதன் உறவினமான வரிக் கழுதைப்புலி வாழ்கிறது. இது பெரும்பாலும் செத்த விலங்குகளைத் தின்று காட்டைச் சுத்தம் செய்கிறது. விரைவில் ஆபத்து நிலைக்குப் போகக்கூடிய இனங்களின் பட்டியலில் இதுவும் உள்ளது. நாளை இதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "அந்தக் கெட்டதையா?" என்று கேட்கும் தலைமுறையை நாம் வளர்த்துவிடக் கூடாது.

இதற்காகக் கார்ட்டூனுக்குத் தடை போட வேண்டாம். படம் காட்டிய அதே கம்ப்யூட்டரில் பதிலும் இருக்கிறது. படம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படத்தில் வந்த விலங்கின் பெயரைத் தமிழிலேயே டைப் செய்து தேடுங்கள். விக்கிப்பீடியா கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். காட்டில் எடுத்த வீடியோ ஒன்றையும் போடுங்கள்.

நாங்களும் தேடினோம். கழுதைப்புலிகளின் இரையைச் சிங்கம் பறிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ சிங்கம்தான் திருடனா மாமா?"

"இல்லம்மா, ரெண்டுக்கும் பசி. அவ்வளவுதான்" என்றேன். குழந்தைக்குப் புரிந்தது. படம் எடுப்பவர்களுக்கும் ஒருநாள் புரியட்டும்.